எங்கட ஊரை யார் படம்பிடிக்கிறது?

யூடியூபில் "அக்குறணை" என்று தேடிப் பாருங்கள். முதலில் வெள்ளம்தான் வரும். பிங்கா ஓயா பெருக்கெடுத்து, ஏ9 வீதிக் கடைகளுக்குள் சேற்றுத்தண்ணி ஓடுகிற வீடியோக்கள். இன்னும் கொஞ்சம் கீழே போனால் 2018 மார்ச் மாதத்துப் புகை. வெள்ளமோ நெருப்போ வந்தால்தான் எங்கட ஊருக்குக் கமரா வருகிறது. தண்ணி வடிந்த பிறகு, புகை அடங்கிய பிறகு, ஆட்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று எடுத்து வைத்தது மிகக் குறைவு.

நாங்கள் சில பேர் சேர்ந்து ஆவணப்படங்கள் பார்க்கத் தொடங்கியபோது இந்தக் கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. கண்டியும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் நூறு வருஷமாக யாருடைய கண்ணால் பதிவாகி வந்திருக்கின்றன?

1915இலிருந்து தொடங்குவோம். அந்த வருஷம் மே மாதம் 28ஆம் திகதி வெசாக் இரவு, கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலுக்கு முன்னால் ஊர்வலம் போவது பற்றிய தகராறில் கலவரம் வெடித்தது. சில நாட்களில் மற்ற மாகாணங்களுக்கும் பரவியது. ஜூன் 2ஆம் திகதி ஆங்கிலேய அரசு இராணுவச் சட்டம் போட்டது. அரசாங்கக் கணக்கில் 4,000க்கு மேற்பட்ட கடைகள் கொள்ளை போயின. 86 பள்ளிவாசல்கள் சேதமாகின. அடுத்த வருஷமே இரண்டு புத்தகங்கள் வந்தன, ஒன்று பொன்னம்பலம் இராமநாதன் எழுதியது, மற்றது ஆர்மண்ட் டி சூசா எழுதியது. இரண்டும் பெரும்பாலும் இராணுவச் சட்டத்தின் பெயரால் சிங்கள மக்களுக்கு நடந்த அநியாயங்களைப் பற்றிப் பேசின. அதுவும் சொல்லப்பட வேண்டிய உண்மைதான். ஆனால் கடை எரிந்தவரின் கதையை யார் எழுதினார்கள்? எங்கள் வீடுகளில் மூத்தவர்களிடம் கேட்டால் "அந்தக் காலத்துல பெரிய சண்டயாம்" என்ற ஒரு வரிதான் மிஞ்சியிருக்கிறது. எழுதி வைக்காத நினைவு மூன்று தலைமுறையில் ஒரு வரியாகச் சுருங்கிவிடும்.

19 வருஷத்துக்குப் பிறகு, 1934இல், பசில் ரைட் என்ற ஆங்கிலேயர் கமராவோடு இலங்கைக்கு வந்து எடுத்த படம் 'சோங் ஒஃப் சிலோன்'. உலக ஆவணப்பட வரலாற்றில் இன்றைக்கும் பேசப்படுகிற படம். எடுக்கப் பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. பின்னணிக் குரல் கொழும்பைச் சேர்ந்த லயனல் வென்ட் உடையது. அவர் வாசிப்பது, கண்டி இராச்சியத்தில் 19 வருஷம் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட புத்தகத்திலிருந்து. படம் மிக அழகு, அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் தன் கதையைத் தன் வாயால் சொல்கிற ஒரு ஊர்க்காரர்கூட அதில் இல்லை. கொழுந்து பறிக்கிற தமிழ்ப் பெண்ணைப் பார்க்கிறோம். அவள் பெயர் என்ன, என்ன சம்பளம் வாங்கினாள் என்று படம் கேட்பதில்லை. தேயிலை விற்க எடுத்த படத்துக்கு அந்தக் கேள்வி தேவைப்படவில்லை.

உள்ளே இருக்கிறவன் கமராவைத் தூக்கினால் என்ன மாறும்? ஜூட் ரட்ணம் எடுத்த 'டீமன்ஸ் இன் பரடைஸ்' படத்தைப் பார்த்தபோது கொஞ்சம் விளங்கியது. 2017இல் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்ட படம். 1983 ஜூலைக் கலவரத்தில் சின்னப் பிள்ளையாகக் கோச்சியில் ஏறி வடக்குக்கு ஓடியவர் அவர். தமிழன் என்று வெளியே காட்டிக்கொள்ளப் பயந்த நினைவிலிருந்து தொடங்குகிறார். பஸ்ஸில் ஃபோன் வந்தால் குரலைத் தாழ்த்திப் பேசுகிற எங்களுக்கு அந்தப் பயம் புதிதில்லை.

அவர் அத்தோடு நிற்கவில்லை. தமிழ் இயக்கங்கள் தங்களுக்குள்ளேயே ஒருவரையொருவர் கொன்றதைப் பற்றி, போராடப் போன தன் மாமாவையே வைத்துப் பேசுகிறார். அதனால்தான் எதிர்ப்பும் வந்தது. 2018இல் யாழ்ப்பாணத் திரைப்பட விழாவில் இந்தப் படம் திரையிடலிலிருந்து எடுக்கப்பட்டது. படத்தின் அரசியலோடு எங்களுக்கும் முழு உடன்பாடு இல்லை. ஆனால் பிடிக்காத படத்தைப் பார்த்துவிட்டு வாதாடலாம், பார்க்காமல் எப்படி வாதாடுவது?

இனி எங்கட 2018க்கு வருவோம். இது கஷ்டமான பகுதி.

அந்த மார்ச் மாதம் கமரா இல்லாமல் இருக்கவில்லை, அதிகமாகவே இருந்தது. மகசோன் பலகாய என்ற அமைப்பின் தலைவர் திகனைக் கடைத்தெருவில் நடந்துகொண்டே, இந்த ஊர் முழுக்க முஸ்லிம்களுடைய கையில் போய்விட்டது என்று பேசி எடுத்த வீடியோ ஆயிரக்கணக்கான ஃபோன்களுக்குப் போனது. யோசித்துப் பாருங்கள், அதுவும் ஆவணப்படத்தின் வடிவம்தான்: உண்மையான தெரு, உண்மையான கடைப் பலகைகள், நடந்துகொண்டே விளக்குகிற ஒரு ஆள். படத்தில் தெரிவது உண்மை என்பதால் சொல்வதும் உண்மையாகிவிடாது. மார்ச் 6இல் அவசரகால நிலை வந்தது. 7ஆம் திகதி பேஸ்புக் முடக்கப்பட்டது. அதற்குள் தீ திகனையிலிருந்து எங்கட பக்கமும் வந்துவிட்டது. இந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காகப் பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில்தான்.

இன்னொரு பக்கம், கடைகளிலும் பள்ளிவாசல்களிலும் இருந்த சிசிடிவி கமராக்கள். காவலுக்கு வர வேண்டியவர்கள் என்ன செய்தார்கள் என்ற கேள்வியை உலகச் செய்தி நிறுவனங்கள் எழுப்பியது அந்தப் பதிவுகளை வைத்துத்தான். கள்ளனைப் பிடிக்கப் பூட்டிய கமரா வரலாற்றுச் சாட்சியாக மாறியது.

ஆனால் நேர்மையாகச் சொன்னால், கதை மார்ச்சில் தொடங்கவில்லை. பெப்ரவரி 22இல் தெல்தெனியாவில் ஒரு சிங்கள லொறிச் சாரதியை முஸ்லிம் இளைஞர்கள் சிலர் அடித்தார்கள். சில நாட்களில் அவர் ஆஸ்பத்திரியில் இறந்தார். நாங்கள் படம் எடுத்தால் அவருடைய குடும்பத்துக்கு அதில் இடம் உண்டா? அந்த மரணம் எந்தக் கடை எரிப்பையும் நியாயப்படுத்தாது. ஆனால் அதை விட்டுவிட்டு எடுத்தால், நாங்களும் எங்களுக்கு வசதியான தெருவில் மட்டும் நடந்து படம்பிடித்தவர்கள் ஆவோம்.

ஆனந்த் பட்வர்தனின் 'ராம் கே நாம்' (1992) இதற்கு நல்ல பாடம். பாபர் மசூதி இடிக்கப்படுவதற்கு முன்னரே எடுத்த படம். அதில் நீதிமன்றத்தால் நியமிக்கப்பட்ட அயோத்திக் கோயில் பூசாரி லால்தாஸ், மதத்தின் பெயரால் நடக்கிற அரசியலை எதிர்த்து நிதானமாகப் பேசுகிறார். 1993இல் அவர் கொல்லப்பட்டார். கமரா அன்று அங்கே போகாமலிருந்தால், எதிர்ப்பக்கம் என்று நாங்கள் நினைக்கிற இடத்திலிருந்து அப்படி ஒரு குரல் வந்ததே எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? 2018இலும் பள்ளிவாசலுக்குக் காவல் நின்ற பிக்குகளும், பக்கத்து வீட்டாரை ஒளித்து வைத்த சிங்களக் குடும்பங்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் வயது போகிறது.

இன்னொன்று. கண்டியில் பஸ் ஏறினால் மஹியாவையைத் தாண்டித்தான் வீட்டுக்கு வருகிறோம். நகரத்தைக் கூட்டித் துப்புரவு செய்கிற தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற இடம் அது. திவ்யபாரதி தமிழ்நாட்டில் எடுத்த 'கக்கூஸ்' (2017) படத்தைப் பார்த்துக் கலங்குகிற நாங்கள், மஹியாவையை பஸ் ஜன்னலால் பார்த்துவிட்டுப் போகிறோம். சிறுபான்மை என்ற வலி இருக்கிறதால் மட்டும் அடுத்தவருடைய வலி தானாக விளங்கிவிடாது. அங்கே கதை சொல்ல வேண்டியது அங்குள்ள இளைஞர்கள். கமராவையும் எடிட் செய்யத் தெரிந்ததையும் பகிர்ந்துகொள்வதுதான் எங்கட வேலை.

1882இல் கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியபோது அச்சு யந்திரம் எல்லோர் கையிலும் இருக்கவில்லை. எங்கள் ஒவ்வொருவரின் சட்டைப் பையிலும் இன்று கமரா இருக்கிறது. ஆகவே நாங்கள் சின்னதாகத் தொடங்குகிறோம். முதலில் சொந்த வீட்டில், உம்மம்மாவையோ பக்கத்துக் கடை நானாவையோ உட்கார வைத்து, குறுக்கே பேசாமல் ஒரு மணித்தியாலம் பதிவு செய்வது. எந்த வருஷம், எந்தத் தெரு, யார் யார் என்று குறித்துக்கொள்வது. அவர்கள் சம்மதிக்காமல் எதையும் வெளியிடாமல் இருப்பது. முகம் காட்டப் பயந்தால் குரல் மட்டும் எடுப்பது. ஒரு பிரதியை வேறொருவர் வீட்டிலும் வைப்பது. பிங்கா ஓயா எப்போது வீட்டுக்குள் வரும் என்று சொல்ல ஏலாதே.

போன மாதம் எங்களில் ஒருவர் தன் உம்மம்மாவிடம் 2018 பற்றிக் கேட்டார். "அத ஏன் மகன் இப்ப கிளறிய?" என்றார் அவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, அந்தக் கதவச் சாத்திட்டு வா" என்றார். அந்தப் பதிவு 47 நிமிஷம் ஓடுகிறது.