ஜப்பான் மீனின் ஊர் ஜப்பான் அல்ல

கெர்லிங், பத்தாங் காலி, பெஸ்தாரி ஜெயா வட்டாரங்களில் தூண்டில் போடுபவர்களுக்குத் திலாப்பியாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஈய லம்பக் குட்டைகளிலும் தோட்டத்துக் கால்வாய்களிலும் கிடைக்கும் கறுப்புத் திலாப்பியாவை மூத்தவர்கள் "ஜப்பான் மீன்" என்பார்கள். மலாயில் "இக்கான் ஜெப்புன்". ஆனால் இந்த மீனின் பூர்வீகம் தென்கிழக்கு ஆப்பிரிக்கா.

அங்கே அது கடலோர ஆறுகளிலும் முகத்துவாரங்களிலும் வாழும் மீன். நன்னீர், உப்புநீர் இரண்டையும் தாங்கும். கடல்நீரிலேயே குஞ்சு பொரிக்கவும் முடியும். ஜெர்மானிய விலங்கியலாளர் வில்ஹெல்ம் பீட்டர்ஸ் மொசாம்பிக்கில் சேகரித்த மீன்களைக் கொண்டு 1852-இல் இதை முதன்முதலில் விவரித்தார். இன்றைய அறிவியல் பெயர் ஓரியோகுரோமிஸ் மொசாம்பிகஸ். திலாப்பியா என்ற சொல்லோ, தென் ஆப்பிரிக்கப் பகுதியின் ட்ஸ்வானா மொழியில் மீனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஆக, நாம் "திலாப்பியா மீன்" என்னும்போது மீன் மீன் என்கிறோம்.

ஆசியாவில் இது பதிவான கதைதான் விசித்திரமானது. 1939-இல் கிழக்கு ஜாவாவின் தென்கரையில், செராங் ஆற்று முகத்துவாரத்தில், பிளித்தார் பகுதியைச் சேர்ந்த முஜாயிர் என்பவர் இதுவரை பார்த்திராத மீன்களைக் கண்டார். கிடைத்தவை ஐந்தே ஐந்து. அவற்றை வீட்டுக் குளத்தில் வளர்த்துப் பெருக்கினார். இந்தோனேசியாவில் இன்றும் அந்த மீனுக்கு அவர் பெயர்தான்: முஜாயிர். ஆப்பிரிக்காவிலிருந்து ஜாவாவுக்கு அதைக் கொண்டு வந்தது யார், எந்தக் கப்பல் என்பதற்குப் பதிவே இல்லை. கண்டுபிடிக்கப்பட்டபோது மீன் ஏற்கெனவே வந்து குடியேறியிருந்தது.

அடுத்து வந்தது போர். மரவள்ளிக் கிழங்கும் சயாம் மரண ரயிலும் நம் குடும்பங்களின் நினைவில் தங்கிப்போன அதே ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், உணவுத் தட்டுப்பாட்டுக்கு மருந்தாக ஜாவாவிலிருந்து மலாயாவுக்கு இந்த மீன் வந்தது. மீனுக்கு ஜப்பான் பெயர் ஒட்டிக்கொண்டது அப்படித்தான். இந்தியாவுக்கு 1952-இல் போனது. தமிழ்நாட்டில் அதை ஜிலேபிக் கெண்டை என்கிறார்கள். திலாப்பியாதான் வாயில் உருண்டு ஜிலேபியானது போலும்.

மலாயாவில் வேறொரு சிக்கல் எழுந்தது. தாய்மீன் முட்டைகளை வாயில் வைத்துக் காப்பதால் குஞ்சுகள் அதிகம் தப்பும். சிறு வயதிலேயே மீண்டும் முட்டையிடும். விளைவு, குளம் நிறைய உள்ளங்கை அளவுகூட இல்லாத மீன்கள். மலாக்கா, பத்து பெரெண்டாமில் 1957-இல் தொடங்கிய மீன் வளர்ப்பு ஆய்வு நிலையத்தில் சி.எஃப். ஹிக்லிங் இதற்கு வழி தேடினார். ஜான்சிபாரிலிருந்து வந்த ஆண் மீனை நம் "ஜப்பான்" பெண் மீனோடு சேர்த்தபோது பிறந்தவை அனைத்தும் ஆண்! ஒரே இனத்தின் இரு வகைகள் என்று நினைத்திருந்தவை வெவ்வேறு இனங்கள் என்பது அப்போதுதான் தெளிவானது. ஜான்சிபார் மீனை 1966-இல் எத்தல்வின் டிரெவாவாஸ் தனியாக விவரித்துப் பெயரிட்டார். உலக மீனியலில் மலாக்காக் குளங்களுக்கு இடம் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

இன்று உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் இனங்களின் பட்டியலில் மொசாம்பிக் திலாப்பியாவும் ஒன்று. அதே மீன் சொந்த ஊரில், நைல் திலாப்பியாவோடு கலந்து, அழியும் ஆபத்துள்ள இனமாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. இரண்டையும் பிரித்தறிய வாலைப் பாருங்கள். நெடுக்குக் கோடுகள் வரிசையாக இருந்தால் நைல். இனப்பெருக்கக் கால மொசாம்பிக் ஆண் உடல் கறுத்து, தாடையடி வெளுத்து, முதுகு, வால் துடுப்புகளின் ஓரம் சிவந்திருக்கும். பசாரில் விற்கும் சிவப்புத் திலாப்பியா கலப்பினம்.

இதெல்லாம் பழைய கதை என்று விட முடியாது. மேற்கு ஆப்பிரிக்காவின் கருந்தாடைத் திலாப்பியா, 2010-இல் கானாவிலிருந்து தாய்லாந்துக்குக் கொண்டுவரப்பட்டது. இதுவும் 1852-இல் விவரிக்கப்பட்டதுதான். இதில் முட்டையை வாயில் சுமப்பது தகப்பன். சில ஆண்டுகளில் சமுத் சொங்க்ராம் இறால் குளங்களில் தலைகாட்டிய அது, கெடாவை ஒட்டிய சொங்க்லா வரை பரவியது. 2024-இல் தாய்லாந்து அரசு கிலோவுக்கு 15 பாட் கொடுத்து அதைப் பிடிக்கச் சொன்னது.

கோல சிலாங்கூர் கழிமுகத்திலோ சுங்கை கெர்லிங்கிலோ பழக்கமில்லாத மீன் தூண்டிலில் மாட்டினால், உடனே வெட்டிக் குழம்பு வைத்துவிடாதீர்கள். திரும்ப ஆற்றிலும் விடாதீர்கள். துடுப்புகளை விரித்து, பக்கத்தில் அளவுகோல் வைத்து, பக்கவாட்டில் படம் எடுங்கள். இடம், தேதி, நீர் உப்பா நன்னீரா என்பதையும் குறியுங்கள். புதிய நீர்நிலையில் ஓர் இனம் இருப்பதை ஆய்வாளர்கள் உறுதிப்படுத்த பெரும்பாலும் மீனே வேண்டும், படம் மட்டும் போதாது. ஆகவே முழு மீனை உறையவைத்து மீன்வளத் துறையிடம் ஒப்படைக்கலாம். உயிருள்ள மீனை அனுமதியின்றி நாட்டுக்குள் கொண்டு வருவது 1985 மீன்வளச் சட்டப்படி குற்றம். இணையத்தில் வண்ண மீன் வாங்குவோருக்கும் அது பொருந்தும்.