சேரியை எழுதியவர்களும் சேரியிலிருந்து எழுதுபவர்களும்



களஆய்வு என்பது இன்று கல்லூரியில் ஒரு பருவத் தேர்வுக்கான செய்முறை. வினாநிரலை நகலெடுத்துக்கொண்டு ஓர் ஊருக்குப் போய், ஐம்பது வீட்டை மாலைக்குள் முடித்துவிட்டுத் திரும்புகிறோம். சுங்குவார்சத்திரம் அடங்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இந்தச் செய்முறைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அதைச் சேரியின் பக்கம் நின்று பார்ப்போம்.

1891இல் இம்மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர், பறையர்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூட மிராசுதாரின் பிடியில் இருந்ததையும், கடனால் ஆளையே கட்டிப்போட்டிருந்ததையும் அது பதிவு செய்தது. 1892இல் வந்த பஞ்சமி நில ஆணைக்கு அந்த அறிக்கைதான் அடிப்படை. ஆனால் அதில் நம் மக்கள் சாட்சிகள் மட்டுமே. எழுதுகோல் ஆட்சியர் கையில் இருந்தது.

களஆய்வு வகுப்பறைக்குள் வந்தது கில்பர்ட் ஸ்லேட்டரால். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியரான அவர், 1916இல் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி நிலம், கூலி, கடன் எல்லாவற்றையும் விசாரித்து எழுதச் செய்தார். 1918இல் நூலாக வந்த அந்த ஆய்வுகளில் காஞ்சிபுரத்தையடுத்த தூசியும் ஒன்று. புத்தகத்தை மூடிவிட்டு ஊரைப் படி என்றது அன்றைக்குப் பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அன்று பல்கலைக்கழகம் வரை போக முடிந்த மாணவன் யார்? அவன் தன் ஊருக்குத் திரும்பினால் எந்தத் தெருவில் இறங்குவான்? சேரிக்காரர் அவன் முன்னால் உட்கார்ந்து பேசியிருப்பாரா, நின்றுகொண்டா? பண்ணையாளின் கடன் கணக்கைப் பண்ணையார் வீட்டுத் திண்ணையில் கேட்டால் என்ன பதில் வரும்?

அதே 1916இல், மே 9 அன்று, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் 25 வயது மாணவர் ஒருவர் சாதியின் தோற்றம் பற்றிக் கட்டுரை வாசித்தார். அவர் அம்பேத்கர். அகமணம்தான் சாதியின் அச்சாணி என்றார் அவர். சாதியால் ஆய்வுப் பொருளாக்கப்பட்டவர் ஆய்வாளராக எழுந்து நின்ற தருணம் அது.

பின்னர் 1960களின் தொடக்கத்தில் தஞ்சைக் கிராமமொன்றில் ஆய்வு செய்த ஆந்த்ரே பெத்தேய் அக்கிரகாரத்தில் தங்கினார். அதனால் ஆதிதிராவிடர் தெருவில் நெருங்கிப் பழக முடியவில்லை என்று தன் நூலிலேயே எழுதிவிட்டார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். தங்கும் வீடே பாதி ஆய்வை முடிவு செய்துவிடுகிறது.

நம் மாவட்டத்திலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. ஜோன் மென்சர் என்ற அமெரிக்க ஆய்வாளர் செங்கல்பட்டுக் கிராமங்களில் ஆய்வு செய்து, கீழிருந்து பார்த்தால் சாதி என்பது உழைப்பைச் சுரண்டும் ஏற்பாடு என்று 1974இல் எழுதினார். எண்டவூரை ஆய்வு செய்த மைக்கேல் மொஃபாட் 1979இல், தீண்டப்படாதவர்களும் அந்த ஒழுங்கை உள்ளுக்குள் ஏற்றுத் தமக்குள் திரும்பச் செய்துகொள்கிறார்கள் என்றார். ஒரே மாவட்டம், இரண்டு முடிவுகள். கூலியையும் நிலத்தையும் விசாரித்தவருக்கு ஒன்று கிடைத்தது. சடங்கையும் சாமியையும் விசாரித்தவருக்கு வேறொன்று. சேரிக்குள் உட்பிரிவு ஏற்றத்தாழ்வு இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் அடிமைப்பட்டவர் அடங்கி இருப்பதை உடன்பாடு என்று எழுத, எதிர்த்தால் என்ன நடக்கும் என்பதை மறந்தாக வேண்டும். 1994 அக்டோபரில் காரணை பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் குண்டடிபட்டு இறந்த ஜான் தாமசும் ஏழுமலையும் இதே மாவட்டத்து மண்ணில்தான் விழுந்தார்கள்.

இன்று வகுப்பில் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களையே அவர்கள் காலனிக்கு வினாநிரலோடு அனுப்பும்போது, “உங்கள் சாதி என்ன?” என்று சொந்தப் பாட்டியிடம் கேட்கச் சொல்கிறது அந்தத் தாள். வேறு கேள்விகள் வேண்டும். 2024இல் இங்கே சாம்சங் தொழிலாளர் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது செய்தித்தாள்கள் சங்கப் பதிவைப் பற்றி எழுதின. நிரந்தர வேலை எந்தத் தெருவுக்குக் கிடைக்கிறது, ஒப்பந்த வேலை எந்தத் தெருவுக்கு? ஷிப்டு பேருந்து காலனி வாசலில் நிற்கிறதா, ஊர் முனையிலா? வெளியூர்ப் பெண்ணுக்கு அறை கொடுக்கும்முன் வீட்டுக்காரர் என்ன கேட்கிறார்?

பாட்டியிடம் கேட்க வேண்டியது, தாத்தா உழுத துண்டு எங்கே இருந்தது என்பது. அதன் சர்வே எண்ணை வாங்கிக்கொண்டு, வட்டாட்சியர் அலுவலகத்தில் ‘அ’ பதிவேட்டின் நகலுக்கு மனுப் போடுங்கள். டி.சி. நிலம் என்று அதில் குறிப்பு இருக்கிறதா பாருங்கள். பிறகு அந்த இடத்துக்கே நடந்து போய், இப்போது அங்கே என்ன நிற்கிறது, யார் பெயரில் நிற்கிறது என்று நோட்டில் எழுதுங்கள்.