கடல் தாண்டி வந்த கண்ணாடி, தெருமுனையில் நின்ற கதை

வாடகைக்கு வீடு பார்க்கப் போனா, முன்னாடியெல்லாம் முதல் கேள்வி “தண்ணி எப்படி?” இப்போ அதோட “இங்க நெட் எது வரும்?”னும் சேர்ந்துக்குச்சு. கவனிச்சீங்கன்னா, “எது வேணும்”னு நாம கேக்கிறதில்ல. “எது வரும்”னுதான் கேக்குறோம். அந்த ‘வரும்’ங்கிற வார்த்தைக்குப் பின்னாடி முப்பது வருஷக் கதை இருக்கு. சென்னையை வெச்சு அதைச் சொல்றேன்.

1995 ஆகஸ்ட் 15. வி.எஸ்.என்.எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்ட நாள். தொடங்கின நகரங்கள்ல நம்ம ஊரும் ஒண்ணு. அப்போ இன்னும் மெட்ராஸ்தான். டயல்-அப் மோடத்துல வேகம் 9.6 கேபிபிஎஸ். மாணவர்களுக்கு 500 ரூபாயில ஒரு கணக்கு இருந்துச்சு, ஆனா திரையில வெறும் எழுத்து மட்டும்தான் வரும். படம் பார்க்கணும்னா ஆயிரக்கணக்குல கட்டணும். நெட் ஓடும்போது வீட்டு போன் எங்கேஜ்டு. சொந்தக்காரங்க திட்டினதுக்குக் கணக்கே இல்ல.

சரி, பணம் போட்டா வேகம் வந்திருக்குமான்னா, அதுவும் இல்ல. 2002-ல பார்தியும் சிங்டெல்லும் சேர்ந்து ‘ஐ2ஐ’னு ஒரு கடலடி ஃபைபர் கேபிளைப் போட்டாங்க. சென்னையிலேர்ந்து சிங்கப்பூர் வரைக்கும், சுமார் 3,200 கிலோமீட்டர். வடிவமைச்ச கொள்ளளவு 8.4 டெராபிட். அதே வருஷம் சென்னையில நெட் இருந்த வீடுகள்ல பெரும்பாலும் கீச்சுக் கீச்சுன்னு கத்துற 56கே மோடம்தான். கடலைத் தாண்டி வந்த வெளிச்சம் கரையிலேர்ந்து நம்ம கதவு வரைக்கும் வர முடியல. இந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச முரண் இதுதான்.

ஏன்னு புரியணும்னா கண்ணாடி பத்திக் கொஞ்சம் பேசணும். 1966-ல சார்ல்ஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் ஒரு கட்டுரை எழுதினாங்க. கண்ணாடியைச் சுத்தமா செஞ்சு, ஒரு கிலோமீட்டர் போன பிறகு ஒளியில 1 சதவீதம் மிஞ்சினாக்கூடப் போதும், தகவல் அனுப்பலாம்னாங்க. நாலே வருஷத்துல கார்னிங் கம்பெனி அந்த இலக்கைத் தாண்டிடுச்சு. இன்னைக்கு இருக்கிற இழையில அதே 1 சதவீதம் சுமார் 100 கிலோமீட்டர் தாண்டினாலும் மிஞ்சும்! (காவோவுக்கு நோபல் கிடைச்சது 2009-ல. 43 வருஷம் கழிச்சு.) செம்புக் கம்பியில இது நடக்காது. எக்ஸ்சேஞ்சிலேர்ந்து தள்ளிப் போகப் போக வேகம் படுத்துடும். மழைத்தண்ணி இறங்கினா கேக்கவே வேண்டாம்.

ஆனா தெருவெல்லாம் ஏற்கெனவே புதைஞ்சிருந்தது செம்புதான். அதைத் தோண்டி எடுக்க யார் செலவு பண்ணுவாங்க? ஐ.ஐ.டி மெட்ராஸ்ல அசோக் ஜுன்ஜுன்வாலா குழு, செம்பே வேண்டாம், கடைசித் தூரத்தை ரேடியோவுல தாண்டிடலாம்னு ‘கார்டெக்ட்’ உருவாக்கினாங்க. பேசிக்கிட்டே 35 கேபிபிஎஸ்ல நெட்டும் பார்க்கலாம். அந்தக் காலத்துக்கு அருமையான யோசனை. அதைப் பத்தித் தனியாவே ஒரு எபிசோடு பேசலாம். 2004-ல வந்த மத்திய அரசின் பிராட்பேண்ட் கொள்கை, 256 கேபிபிஎஸ் இருந்தாலே பிராட்பேண்ட்னு வரையறுத்துச்சு. 2005 ஜனவரியில பி.எஸ்.என்.எல் ‘டேட்டாஒன்’ வந்துச்சு, அதே பழைய போன் கம்பியில. பின்னாடி வந்த சில பிளான்கள்ல ராத்திரி 2 மணிலேர்ந்து காலை 8 மணி வரை கணக்கில்லாம டவுன்லோடு பண்ணலாம். 2 மணிக்கு அலாரம் வெச்சு எழுந்திருச்ச ஒரு தலைமுறை இருக்கு. உங்க வீட்டு அண்ணன்கிட்ட கேட்டுப் பாருங்க.

இன்னொரு பக்கம் கேபிள் டிவி அண்ணன்கள். டிஷ்லேர்ந்து கம்பம் கம்பமா, மொட்டை மாடிலேர்ந்து மொட்டை மாடிக்கு வயர் இழுத்தவங்க. நெட் வந்ததும் அதே பாதையில லேன் கேபிள் போச்சு, பிறகு ஃபைபரும் போச்சு. கடைசி நூறு மீட்டரை ஜெயிச்சது பல தெருக்கள்ல இவங்கதான். அதுக்கு ஒரு விலையும் உண்டு: 2016 டிசம்பர் 12, வர்தா புயல். மரம் சாய்ஞ்ச தெருவுல எல்லாம் தலைக்கு மேல தொங்கின கேபிளும் சேர்ந்து போச்சு. அதனால பிளான் விலையைக் கேக்கிறதுக்கு முன்னாடி, கேபிள் கம்பத்து வழியா வருதா, மண்ணுக்கடியில வருதான்னு கேளுங்க.

2019 செப்டம்பர்ல ஜியோஃபைபர் 699 ரூபாய்க்கு 100 எம்பிபிஎஸ்னு வந்துச்சு. அடுத்த மார்ச்லயே லாக்டவுன், மொத்த ஆபீசும் வீட்டுக்குள்ள வந்துடுச்சு. அப்போதான் நிறைய பேருக்கு அப்லோடுன்னு ஒண்ணு இருக்கிறதே உறைச்சது. விளம்பரத்துல கொட்டை எழுத்துல இருக்கிறது டவுன்லோடு வேகம். வீடியோ கால்ல உங்க முகம் உறையறது அப்லோடால. இரண்டும் சமமான்னு கேட்டு வாங்குங்க.

‘ஃபைபர்’னு பேர் போட்ட எல்லாமே வீடு வரைக்கும் கண்ணாடி இல்ல. சிலது மாடிப்படி அடியில இருக்கிற பெட்டியோட நின்னுடும். அங்கிருந்து லேன் வயர். அது மட்டமான ஏற்பாடுன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பெட்டிக்குக் கரண்ட் போனா, உங்க வீட்ல இன்வெர்ட்டர் இருந்தும் பிரயோஜனமில்ல. கண்ணாடி வீட்டுக்குள்ளேயே வந்தாலும் அது உங்களுக்கு மட்டும்னு நினைக்காதீங்க. இங்க பரவலா இருக்கிற ஜிபான் முறையில ஒரே இழையோட 2.5 ஜிகாபிட்டை 32 வீடு, சில இடங்கள்ல 64 வீடு பங்கு போடுது. 32 பேரும் ஒரே நேரத்துல இழுத்தா ஆளுக்கு 78 எம்பிபிஎஸ்தான். நல்லவேளை, எல்லாரும் அப்படி இழுக்கிறதில்ல. இருந்தாலும் ஞாயித்துக்கிழமை ராத்திரி 9 மணிக்கு எப்படி இருக்குன்னு பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டா, எந்த விளம்பரத்தையும் விட நல்ல பதில் கிடைக்கும்.

அபார்ட்மென்ட்னா இன்னொரு சிக்கல். எந்தக் கம்பெனி உள்ள வரலாம்னு பல இடங்கள்ல அசோசியேஷன்தான் தீர்மானிக்குது. ஒரே ஒரு கம்பெனிக்குக் கேட்டைத் திறந்துவிட்டு, மத்தவங்களை வாசலோட அனுப்பிடுறாங்க. இது நியாயமில்லன்னுதான் நான் சொல்லுவேன். வாடகைக்கு இருக்கிறவங்களுக்குக் கூட்டத்துல குரலே இல்ல, ஆனா வேலை போனா போறது அவங்களோடது. அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடியே இதைக் கேட்டுடுங்க. சுவத்துல ஓட்டை போடலாமான்னு ஓனர்கிட்டயும் கேட்டு வெச்சுக்கோங்க.

ஆள் வந்து மாட்டும்போது கூடவே நில்லுங்க. கையில ஒரு சின்ன பவர் மீட்டர் வெச்சிருப்பார். எவ்வளவு காட்டுதுன்னு கேளுங்க. மைனஸ் 20 பக்கம்னா நிம்மதி. மைனஸ் 27-ஐ நெருங்கினா அடுத்த மழைக்கே லைன் படுத்துடலாம், அப்பவே ஜாயின்ட்டைச் சரிபண்ணச் சொல்லுங்க. கேபிளை மூலையில மடக்கி ஆணி அடிக்க விடாதீங்க. கூர்மையா வளைஞ்சா ஒளி வெளியே கசிஞ்சுடும். ரவுட்டரை ஷூ ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒளிக்காம வீட்டு நடுவுல, கொஞ்சம் உசரத்துல வைங்க. பக்கத்து ரூமுக்கு 5 கிகாஹெர்ட்ஸ், ரெண்டு சுவர் தாண்டினா 2.4.

கடைசியா ஒண்ணு. பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலேர்ந்தே கரண்ட் வந்துக்கிட்டிருந்துச்சு, அதனால தெருவே இருட்டா இருந்தாலும் போன் அடிக்கும். கண்ணாடியில கரண்ட் வராது. அதனால மோடத்துக்கு ஒரு சின்ன யூபிஎஸ் சேர்த்து வாங்கிடுங்க.