காபிக் கடையும் கட்சி நிறமும்: ஒரு வரலாற்றுப் பார்வை



2023 அக்டோபரில் காஸாவின் மீது போர் மூண்டது முதல், விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வாழும் நம் குடும்பங்களின் கைப்பேசிகளுக்குப் புறக்கணிப்புப் பட்டியல்கள் வந்தவண்ணம் உள்ளன. சோப்பு, குளிர்பானம், குழந்தை உணவு என நீளும் அப்பட்டியல்களில், பச்சை வட்டத்துக்குள் கடற்கன்னி உருவம் பொறித்த ஸ்டார்பக்ஸ் காபி நிறுவனத்தின் சின்னமும் தவறாமல் இடம்பெறுகிறது. நம்மில் பலர் அக்கடையின் படியை ஒருமுறைகூட மிதித்ததில்லை. திண்டிவனம் நெடுஞ்சாலையோரத்து டிகிரி காபியும், விழுப்புரம் சந்திப்பின் நடைமேடைக் காபியுமே நாம் அறிந்தவை. ஆயினும் சென்னையில் படிக்கும் பிள்ளைகளும், வளைகுடாவில் பணிபுரியும் சகோதரர்களும் அங்கே காபி குடிக்கலாமா என்று வினவும்போது, விடை கூறும் பொறுப்பு வீட்டின் பெரியவர்கள் மீது விழுகிறது.

காபி விற்கும் ஒரு நிறுவனம் ஒரு தரப்பின் அடையாளமாக எவ்வாறு மாறுகிறது? அந்த அடையாளத்தில் மெய் எவ்வளவு, வதந்தி எவ்வளவு? புறக்கணிப்பு என்னும் ஆயுதத்தை ஏந்துவதற்கு முன் இவ்வரலாற்றை அறிந்துகொள்வது நமது கடமை.

கூடிப் பேசும் இடத்தின் மீது ஐயம்

காபி பானத்தை உலகுக்கு அளித்தவர்கள் முஸ்லிம்களே. 15ஆம் நூற்றாண்டில் யமன் நாட்டு ஸூஃபிகள் இரவு வணக்கத்திலும் திக்ரிலும் விழித்திருப்பதற்காக அதை அருந்தினர். அங்கிருந்து அது மக்காவுக்கும் கெய்ரோவுக்கும் சென்றது. 1511இல் மக்காவின் மம்லூக் அதிகாரி கயிர் பேக், அறிஞர்களையும் மருத்துவர்களையும் கூட்டிக் காபிக்குத் தடை விதித்தார். பானம் போதை தருமா என்ற விவாதத்துக்குப் பின்னால், அதைச் சுற்றி மக்கள் கூடிப் பேசுகிறார்கள் என்ற கவலையும் இருந்தது. அத்தடை நீண்ட நாள் நிலைக்கவில்லை.

1633இல் உஸ்மானிய சுல்தான் நான்காம் முராத் இஸ்தான்புல் நகரின் காபி இல்லங்களை மூடச் செய்தார். 1675 டிசம்பரில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸும் அவ்வாறே ஆணையிட்டார். அரசைப் பற்றிய அவதூறுகள் அங்கே பிறக்கின்றன என்பது அவர் கூறிய காரணம். எதிர்ப்பு வலுக்கவே, ஆணை நடைமுறைக்கு வரும் முன்னரே அவர் பின்வாங்கினார். காபிக் கடை ஒரு தரப்பின் இடமாகப் பார்க்கப்படுவது புதிதன்று என்பதை இந்நிகழ்ச்சிகள் காட்டுகின்றன.

நம் மண்ணின் பெயர்ப் பலகைகள்

தமிழகத்தில் காபிக் கடையின் நிறம் சாதியிலிருந்து தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நகரங்கள்தோறும் 'பிராமணாள் காபி கிளப்' என்ற பலகைகள் தொங்கின. ரயில் நிலைய உணவகங்களில் பிராமணர்களுக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனி இடங்கள் ஒதுக்கப்பட்டன. பெரியார் ஈ.வெ.ரா. நடத்திய கிளர்ச்சியை அடுத்து, 1941இல் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியின் முரளி கஃபே முன்பாக, பெயரிலுள்ள 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரித் தொடர் மறியல் நடைபெற்றது. பலர் சிறை சென்றனர். இறுதியில் அச்சொல் நீக்கப்பட்டது. இன்று விழுப்புரம் சந்திப்பில் எவரும் எவர் அருகிலும் நின்று காபி அருந்துகின்றனர் என்றால், அது தானாக வந்த நிலையன்று.

அம்மறியலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குற்றச்சாட்டு என்னவென்பதில் எவருக்கும் ஐயமில்லை. அது கடைவாசலில் எழுத்தாகவே தொங்கியது. கோரிக்கையும் தெளிவானது. அது நிறைவேறியவுடன் போராட்டம் முடிந்தது.

அதே 1957இல் மற்றொரு காபி வரலாறும் தொடங்கியது. காபி வாரியம் தன் இந்தியா காபி ஹவுஸ் கிளைகளை மூடத் தொடங்கியபோது, வேலையிழந்த தொழிலாளர்கள் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் வழிகாட்டுதலில் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்துக் கடைகளைத் தாங்களே நடத்தினர். புதுச்சேரி நேரு வீதியில் உள்ள இந்தியன் காபி ஹவுஸை நம் வட்டாரத்தார் பலர் அறிவர். அச்சங்கங்கள் எந்தக் கட்சிக்கும் சொந்தமானவை அல்ல. ஆயினும் தொடங்கி வைத்தவரின் கொள்கையாலும், அங்கே அமர்ந்து விவாதித்தவர்களாலும் அவற்றுக்கு இடதுசாரி நிறம் ஏறியது. நெருக்கடி நிலைக் காலத்தில் டெல்லி கன்னாட் பிளேஸிலிருந்த காபி ஹவுஸ் இடிக்கப்பட்டது. அரசை விமர்சிப்போர் அங்கே கூடியதே காரணம் என இன்றும் பரவலாகக் கருதப்படுகிறது.

ஸ்டார்பக்ஸ்: மெய்யும் பொய்யும் கலந்த கதை

ஸ்டார்பக்ஸ் 1971இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தொடங்கப்பட்டது. 1987இல் அதை வாங்கி உலக நிறுவனமாக வளர்த்தவர் ஹோவர்ட் ஷூல்ட்ஸ். அவர் யூதர். 1998இல் ஜெருசலேமைச் சேர்ந்த யூத சமய அமைப்பொன்றுடன் இணைந்த நிதியம், இஸ்ரேலின் ஐம்பதாம் ஆண்டையொட்டி அவருக்கு விருது வழங்கியது. 2002இல் சியாட்டில் யூத ஆலயமொன்றில் பாலஸ்தீனர்களைக் குறைகூறி அவர் ஆற்றிய உரை வெளியானபோது, அரபு நாடுகளில் புறக்கணிப்புக் குரல் எழுந்தது. பின்னர் அவர் விளக்கம் அளித்தார். இவை மெய்யான நிகழ்ச்சிகள். ஐயத்துக்கு வித்திட்டவை இவையே.

அதே காலத்தில் நடந்த மற்றொரு மெய்யை நம் பட்டியல்கள் கூறுவதில்லை. 2001இல் இஸ்ரேலில் கால்பதித்த ஸ்டார்பக்ஸ், வணிகம் சரிவர நடவாததால் 2003இல் அங்கிருந்த ஆறு கடைகளையும் மூடி வெளியேறியது. ஆக, இஸ்ரேலில் இயங்கும் காபி நிறுவனம் என்று அதைக் கூறுவதற்கு இடமில்லை.

2006இல் ஷூல்ட்ஸ் எழுதியதாக ஒரு கடிதம் இணையத்தில் உலவியது. ஒவ்வொரு கோப்பையின் காசும் இஸ்ரேலுக்குச் செல்வதாக அதில் அவரே ஒப்புக்கொள்வதுபோல் இருந்தது. அது நையாண்டியாகப் புனையப்பட்ட கடிதம். எழுதியவரே அதை ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த ஒப்புதல் கடிதம் சென்ற தொலைவுக்குச் செல்லவில்லை. எந்த அரசுக்கும் இராணுவத்துக்கும் நிதி வழங்குவதில்லை என்று நிறுவனம் பலமுறை அறிவித்தும், கடிதத்தின் சாரம் மொழிக்கு மொழி பெயர்ந்து, நம் ஊர்க் குழுமங்கள் வரை வந்து சேர்ந்தது.

2023 அக்டோபரில் நடந்தது

அமெரிக்காவில் 2021 டிசம்பர் முதல் ஸ்டார்பக்ஸ் ஊழியர்கள் கடை கடையாகச் சங்கம் அமைத்து வந்தனர். நிர்வாகம் அதைக் கடுமையாக எதிர்த்தது. 2023 அக்டோபர் 9 அன்று, அச்சங்கத்தின் சமூக ஊடகக் கணக்கில் பாலஸ்தீனத்துக்கு ஆதரவான பதிவொன்று படத்துடன் வெளியாகி, ஒரு மணி நேரத்துக்குள் நீக்கப்பட்டது. அதற்குள் அது பரவிவிட்டது.

முதலில் எழுந்த புறக்கணிப்புக் குரல் முஸ்லிம்களுடையதன்று. ஸ்டார்பக்ஸ் ஹமாஸை ஆதரிக்கிறது எனக் குற்றஞ்சாட்டி, ஃபுளோரிடாவைச் சேர்ந்த செனட்டர் ரிக் ஸ்காட் போன்ற அமெரிக்க அரசியல்வாதிகளே அதைப் புறக்கணிக்கக் கோரினர். நிர்வாகம் அப்பதிவிலிருந்து தன்னை விலக்கிக்கொண்டு, தன் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்தக்கூடாது எனச் சங்கத்தின் மீது வழக்குத் தொடுத்தது. சங்கமும் எதிர்வழக்குத் தொடுத்தது. பாலஸ்தீனத்துக்காகப் பேசிய ஊழியர்களை நிறுவனம் நீதிமன்றத்துக்கு இழுக்கிறது என்ற செய்தி பரவியதும், எதிர்த்திசையிலிருந்தும் புறக்கணிப்பு தொடங்கியது. ஒரே நிறுவனம், ஒரே மாதத்தில், இரு எதிரெதிர் தரப்புகளாலும் எதிரியின் ஆளாகப் பார்க்கப்பட்டது.

நிறுவனத்தின் மீது குற்றமே இல்லை என்று நாம் கூறவில்லை. தன் ஊழியர்களின் சங்க உரிமையை அது நடத்திய விதம் கண்டனத்துக்குரியது; ஒடுக்கப்பட்ட மக்களுக்கான ஒரு குரலைக் கண்டு அது வழக்கு மன்றத்துக்கு ஓடியதும் மனத்தை வருத்துவதே. ஆனால் அது வேறு குற்றச்சாட்டு. குழந்தைகள் மீது விழும் குண்டுக்குப் பணம் தருகிறது என்பது வேறு குற்றச்சாட்டு. முன்னதற்குச் சான்று உண்டு. பின்னதற்குச் சான்று காட்டியவர் எவரையும் நாம் அறியோம். பாலஸ்தீனர்களின் தலைமையில் 2005 முதல் இயங்கிவரும் பி.டி.எஸ். இயக்கமும் தன் முதன்மை இலக்குகளின் பட்டியலில் ஸ்டார்பக்ஸைச் சேர்த்திருக்கவில்லை. ஷூல்ட்ஸும் போர் தொடங்கும் முன்னரே, 2023 செப்டம்பரில், இயக்குநர் குழுவிலிருந்து விலகியிருந்தார்.

அடி விழுந்த இடம்

ஸ்டார்பக்ஸ் கடைகளைப் பல நாடுகளில் உள்ளூர் நிறுவனங்களே நடத்துகின்றன. வளைகுடாவில் குவைத்தின் அல்ஷாயா குழுமம் நடத்துகிறது. வணிகம் சரிந்ததால் 2024 மார்ச்சில் அக்குழுமம் சுமார் 2,000 பேரை வேலையிலிருந்து நீக்கியது. மலேசியாவில் பெர்ஜெயா குழுமம் நடத்துகிறது. கடை ஊழியர்களில் 80 முதல் 85 விழுக்காட்டினர் முஸ்லிம்கள் என்று கூறி, புறக்கணிப்பைக் கைவிடுமாறு அதன் நிறுவனர் வேண்டுகோள் விடுத்தார். இந்தியாவில் 2012 முதல் டாடா குழுமத்துடன் சரிபாதிப் பங்கில் அது இயங்குகிறது.

கடல்கடந்த சம்பாத்தியத்தில் உலை வைக்கும் வீடுகள் நம் ஊர்களில் எத்தனை என்பதை நாம் அறிவோம். வளைகுடாவில் ஒருவர் வேலையிழந்தால் இங்கே ஒரு வீட்டின் அடுப்பு அணைகிறது. இதனால் புறக்கணிப்பே கூடாது என்பதில்லை. எல்லாப் போராட்டங்களுக்கும் விலை உண்டு. அவ்விலையைச் செலுத்தப்போவது யார் என்பதை அறிந்தே போராட வேண்டும்.

மார்க்கத்தின் தராசு

புறக்கணிப்பு நமக்கு அந்நியமானதன்று. 1906இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனம் தொடங்கியபோது, ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகளை வாங்கித் துணைநின்றார். அயலாரின் கப்பலை ஒதுக்கியதோடு நில்லாமல், தமக்கென ஒரு கப்பலையும் அவர்கள் உருவாக்கினார்கள்.

அதற்கும் முன்னோடியாக யமாமா நாட்டுத் தலைவர் ஸுமாமா பின் உஸால் (ரலி) அவர்களின் வரலாறு நமக்கு உண்டு. இஸ்லாத்தை ஏற்ற அவர், நபி (ஸல்) அவர்களின் அனுமதியின்றி ஒரு கோதுமை மணிகூட மக்காவுக்குச் செல்லாது என அறிவித்தார். குறைஷிகள் பசியால் வாடினர். உறவின் பெயரால் நபியிடம் முறையிட்டனர். அபூதாலிப் கணவாயில் ஏறத்தாழ மூன்றாண்டுகள் முஸ்லிம்களைப் பட்டினி போட்டவர்களும் அதே குறைஷிகளே. ஆயினும் தானியத்தை அனுப்புமாறு நபி (ஸல்) அவர்கள் ஸுமாமாவுக்கு எழுதினார்கள். பொருளாதாரத் தடைக்கு இஸ்லாத்தில் இடமுண்டு, எல்லையும் உண்டு.

உறுதியற்ற செய்தியைத் தீர விசாரிக்காமல் செயல்பட்டால், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த நேரிடும் என அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் எச்சரிக்கிறது. ஒரு சமூகத்தின் மீதுள்ள பகை நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்துவிடக்கூடாது என அல்மாயிதாவின் 8ஆம் வசனம் கட்டளையிடுகிறது. உரிமையாளர் யூதர் என்பது மட்டுமே ஒரு கடையின் குற்றமாகாது என்பதையும் இவ்வசனம் நமக்கு உணர்த்துகிறது.

இது ஏட்டளவிலான அறிவுரை அன்று. 2020இல் கொரோனா பரவியபோது, நம் சமூகத்தின் காய்கறி வண்டிகளுக்கும் கடைகளுக்கும் எதிராக இதே கைப்பேசிகளில்தான் வதந்திகள் பரவின. தன்னிடம் முஸ்லிம் ஊழியர்கள் இல்லை என விளம்பரம் செய்த சென்னைக் கடைக்காரர் ஒருவர் அவ்வாண்டு மே மாதம் கைது செய்யப்பட்டார். ஆதாரமற்ற செய்தியால் ஒரு கடையின் வாசல் வெறிச்சோடுவதன் வலியை நாம் அனுபவித்தோம். நமக்கு நேர்ந்தபோது அநீதி எனக் கண்டித்ததை, பிறர் விஷயத்தில் நாமே செய்யலாகாது.

நாம் செய்யத்தக்கவை

மனம் ஒப்பாத கடையில் வாங்காதிருப்பது ஒவ்வொருவரின் உரிமை. காஸாவின் துயரை எண்ணி ஒருவர் ஸ்டார்பக்ஸைத் தவிர்த்தால் அவரைக் குறைகூற எவருக்கும் இடமில்லை. அதேபோல், அங்கே பணிபுரியும் சகோதரரைத் துரோகி என்றழைக்கவும் எவருக்கும் உரிமையில்லை. கூடும், கூடாது என்ற தீர்ப்பை ஆலிம்களிடம் விட்டுவிட்டு, நம் அளவில் மூன்றைக் கடைப்பிடிப்போம்.

முதலாவது, வரும் பட்டியலைப் பிறருக்கு அனுப்பும் முன், குற்றச்சாட்டு என்ன, சான்று என்ன, கோரிக்கை என்ன என்று கேட்போம். விடையில்லாத பட்டியல் நம் கைப்பேசியிலேயே நிற்கட்டும். இரண்டாவது, நெடிய பட்டியலுக்குப் பதிலாக, சான்றுடன் குறிக்கப்பட்ட சில இலக்குகளில் உறுதியாக நிற்போம். நூறு பொருள்களை ஒரு வாரம் ஒதுக்குவதைவிட, நான்கு பொருள்களை நான்காண்டுகள் ஒதுக்குவது பயன் தரும். மூன்றாவது, மிச்சப்படுத்திய காசை நம்பகமான வழியில் நிவாரணத்துக்கும், நம் ஊர்ச் சிறுகடைகளுக்கும் திருப்புவோம்.

இவ்வளவையும் வீட்டில் பிள்ளைகளுடன் அமர்ந்து பேசுவது அவசியம். தடை என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, நாளை எந்த வதந்திக்கும் எளிதில் இரையாகும். காரணம் கேட்டு வளரும் பிள்ளையோ, ஒடுக்கப்பட்டோருக்காக உறுதியுடன் நிற்கும்.

ஒடுக்கப்பட்ட மக்களின் துயரை அல்லாஹ் நீக்குவானாக. பகையின் நடுவிலும் நீதி தவறாதவர்களாக நம்மை ஆக்குவானாக. ஆமீன்.