எருமையின் ஈற்றுக் கணக்கு

தோட்டத்து லயங்களுக்குப் பின்னால் கொட்டகை போட்டு மாடு வளர்த்த குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். ஆயினும் பசுவைப்பற்றி நாம் அறிந்த அளவு எருமையைப்பற்றி அறிந்ததில்லை. நல்ல தாய் எருமையைத் தெரிந்தெடுக்க மனிதன் எப்படிக் கற்றுக்கொண்டான் என்பதை இன்று பார்ப்போம்.

இந்நாட்டு வயல்களில் ஏர் இழுத்தது சேற்றெருமை. உழைப்பில் கெட்டி, பால் கொஞ்சம். முர்ரா என்னும் பாலெருமை இங்கு வந்தது இந்தியாவிலிருந்து குடியேறியவர்களோடுதான். சுருண்ட கொம்பும் கன்னங்கரிய மேனியும் கொண்ட அதற்கு ஹரியானாவின் ரோத்தக், ஹிசார் வட்டாரங்களே தாயகம்.

அந்நாளில் எருமை வாங்கப் போனவர் கொம்பைப் பார்த்தார்; தோலைத் தடவினார்; மடியையும் காம்பையும் பிடித்துப் பார்த்தார். சந்தையில் கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதானே! எத்தனை வயதில் தலையீற்று, ஈற்றுக்கு ஈற்று எத்தனை மாதம் என்பதெல்லாம் உடம்பில் எழுதியிருப்பதில்லை. விற்பவர் சொன்னதுதான் கணக்கு. அவர் எவ்வளவு உண்மை சொல்வார் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

எழுதிவைக்கும் வழக்கம் அரசாங்கப் பண்ணைகளிலும் இராணுவப் பால்பண்ணைகளிலும் வேரூன்றியது. 1923இல் பெங்களூரில் தொடங்கிய பால்பண்ணை ஆராய்ச்சி நிலையம் 1955இல் கர்னாலுக்கு மாறியது. எருமைக்கென்றே 1985இல் ஹிசாரில் தனி ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. ஏடுகளைப் புரட்டியபோது ஓர் உண்மை தெரிந்தது: அழகான எருமையெல்லாம் ஒழுங்காக ஈனும் எருமையல்ல.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தலையீற்றுக்குப்பின் ஒன்பது ஆண்டு. பதினெட்டு மாதத்துக்கு ஒருமுறை ஈனும் எருமை தருவது 6 கன்று. பதின்மூன்றரை மாதத்துக்கு ஒருமுறை ஈன்றால் 8. முதலாவது எருமை இடையில் பால் வற்றி நிற்கும் மாதங்களிலும் தீனி தின்னத்தான் செய்யும்.

ஏன் இந்தத் தாமதம்? எருமையின் சினை பத்து மாதத்துக்குச் சற்று மேல். சினையைச் சுருக்க முடியாது. கோளாறு அதற்கு முன்னால். பசு பருவத்துக்கு வந்தால் கத்தி ஊரைக் கூட்டும். எருமை பெரும்பாலும் ஊமை. இரவில் வந்து விடிவதற்குள் அடங்குவதும் உண்டு. தவறவிட்டால் மறுபடி 21 நாள் காத்திருக்க வேண்டும். 1943இல் அலகாபாத்தில் செயற்கை முறையில் கருவூட்டிய முதல் எருமைக் கன்று பிறந்தது. பெரிய சாதனைதான். ஆனால் கடா மோப்பத்தில் கண்டுகொண்டதை இனி மனிதனே கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று! பருவக்குறி தெளிவாகத் தெரியும் எருமைக்கு மதிப்பு கூடியது இதனால்தான். ஒரு கடாவின் விந்து ஆயிரக்கணக்கான எருமைகளுக்குப் போகுமாதலால், அக்கடாவைப் பெற்ற தாயின் ஏட்டையும் துருவிப் பார்த்தார்கள்.

ஆனாலும் ஒழுங்காக ஈனும் குணம் தாயிடமிருந்து மகளுக்கு இறங்குவது சொற்பமே. தீனியும் நிழலும் தண்ணீரும் செய்யும் வேலைதான் அதிகம். கறக்கும் எருமைக்குத் தவிடும் பிண்ணாக்கும் வைத்துவிட்டு, கிடேரியைக் காய்ந்த புல்லில் விடும் வீடுகள் உண்டு. அந்தக் கிடேரி நான்கு வயதாகியும் பருவத்துக்கு வராது. மலடு என்று முத்திரை குத்தி விற்றுவிடுவார்கள். அது மலடல்ல, பட்டினி. ஆகவே பண்ணைகளில் கிடேரிக்கு வயதை மட்டும் பார்ப்பதில்லை. முந்நூறு கிலோவுக்கு மேல் எடை ஏறியதா என்று நிறுத்துப் பார்த்த பிறகே கடாவிடம் விடுகிறார்கள்.