கால் தமனி அடைப்பு: நரம்பு அறுவை சிகிச்சை என்ன செய்யும்?

1908இல் லியோ பர்ஜர் விரிவாக விளக்கிய பர்ஜர் நோய், புகையிலை பயன்படுத்துவோரின் கால் தமனிகளை அடைக்கிறது. அடைப்பைச் சுற்றியுள்ள சிறு கிளை நாளங்கள் நாளடைவில் விரிந்து, மாற்றுப் பாதையாக இரத்தத்தைக் கொண்டு செல்லும்.

இரத்த நாளங்களைச் சுருக்குபவை பரிவு நரம்புகள். இடுப்புப் பகுதியில் அவற்றின் ஒரு பகுதியை நீக்கினால் பாதத் தோலின் நாளங்கள் விரியும். சிலருக்கு ஓய்வின்போது வரும் வலி குறைந்து, புண் ஆறலாம். ஆனால் அடைப்பு நீங்காது. நடக்கும்போது கெண்டைக்காலில் வரும் வலியும் பொதுவாகக் குறையாது.

பீடி, சிகரெட், மெல்லும் புகையிலை அனைத்தையும் முற்றிலும் கைவிடுவதே முதன்மைச் சிகிச்சை. பழக்கம் தொடர்ந்தால், அறுவை சிகிச்சைக்குப் பின்னரும் விரலையோ காலையோ அகற்ற நேரிடலாம்.

ஆறாத புண் உள்ள காத்திவாக்கம், எண்ணூர் பகுதியினர் அரசு ஸ்டான்லி மருத்துவமனையை அணுகலாம். கால் திடீரெனக் குளிர்ந்து, வெளுத்து, மரத்துப்போனால் உடனே 108ஐ அழைக்கவும்.