இரண்டாவது பதிவேடு

திருமுதுகுன்றத்தில் பெற்ற பன்னிரண்டாயிரம் பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்த கதை நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. போடுமுன் அவர் அதில் கொஞ்சத்தை மச்சமாக வெட்டி வைத்துக்கொண்டதைத்தான் பலர் மறந்துவிடுகிறோம். எடுத்த பொன்னை அந்த மச்சத்தோடு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைவு தெரிந்தது. இறைவன் கொடுத்த பொன்னுக்கும் சாட்சி வேண்டியிருந்தது.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். அந்த மொழியில் 'கோந்த்ரோல்' என்றால் முதல் பொருள் சரிபார்ப்பு. அதன் மூலம் 'எதிர் ஏடு': ஒருவர் எழுதும் கணக்குக்கு மற்றொருவர் வைக்கும் இரண்டாவது பதிவேடு. குமாஸ்தா வேலைக்கு வந்தபின் தொலைபேசிக் கணக்கில்தான் அதன் அருமையை உணர்ந்தேன்.

அன்று வெளியூர் பேச டிரங்க் கால் பதிவு செய்ய வேண்டும். சாதாரணம், அர்ஜென்ட், லைட்னிங் என்று வகைகள். மூன்று நிமிடம் ஒரு கணக்கு. எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் ஒரு சீட்டு எழுதுவார்; அலுவலகத்தில் நாங்கள் டிரங்க் கால் ரிஜிஸ்டரில் எழுதுவோம். பில் வந்ததும் இரண்டையும் ஒப்பிட்டு டிக் அடிப்பேன்.

1960-இல் லக்னோ–கான்பூர் இடையே எஸ்.டி.டி. தொடங்கிப் பிறகு நாடெங்கும் பரவியது. ஆபரேட்டரும் இல்லை, சீட்டும் இல்லை. எக்ஸ்சேஞ்சில் இருந்த மீட்டர் தட்டிக்கொண்டே போகும். தூரம் கூடினால் வேகமாக, இரவுச் சலுகை நேரத்தில் மெதுவாக. பில்லில் வருவது மொத்த எண்ணிக்கை மட்டும். எந்த ஊருக்கு, எப்போது என்பதெல்லாம் கிடையாது. நாங்களும் ரிஜிஸ்டரை மூடிவிட்டோம்.

அந்த நாளில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒருமுறை பில் இரண்டு மடங்காக வந்தது. இரவில் போன் இருந்தது காவலர் அறையில். "நான் யாருக்கய்யா பேசப்போறேன்?" என்று அவர் கேட்டார். அவர் பேசினார் என்பதற்கும் ஆதாரமில்லை, பேசவில்லை என்பதற்கும் இல்லை. தவணையாகச் சம்பளத்தில் பிடித்தார்கள். அதற்கான குறிப்பை எழுதியது நான்.

1984-இல் சி-டாட் தொடங்கப்பட்டு மின்னணு எக்ஸ்சேஞ்சுகள் வந்தபின் அழைப்புகளின் பட்டியலும் கிடைத்தது. ஆனால் அதுவும் அவர்கள் ஏடுதான். நம் பக்கத்து ஏடு 1999-இல் வந்தது. மார்க் ஸ்பென்சர் என்ற அமெரிக்க இளைஞர் 'ஆஸ்டெரிஸ்க்' மென்பொருளை எழுதி, எவரும் இலவசமாக எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டார். லினக்ஸ் கணினியில் ஏற்றினால் அதுவே அலுவலகத்தின் எக்ஸ்சேஞ்ச்.

என் பேரன் ஒரு பழைய கணினியில் ஏற்றிக் காட்டினான். ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு வரி: எந்த அறையிலிருந்து, எந்த எண்ணுக்கு, தொடங்கியது, எடுத்தது, முடிந்தது. மணி அடித்த நேரத்தையும் சேர்த்த மொத்த நொடி ஒரு கட்டம், பேசிய நொடி மட்டும் இன்னொரு கட்டம். கட்டணத்தை ஒப்பிட வேண்டியது இரண்டாவதோடு.

"அறைதானே தெரிகிறது, ஆள்?" என்று கேட்டேன்.

"ஆளுக்கொரு ரகசிய எண் கொடுக்கலாம் தாத்தா. அதை அழுத்தினால்தான் வெளி லைன் கிடைக்கும், அவர் கணக்கிலே ஏறும்."

நிறுவுவதைவிட ஒழுங்குபடுத்துவதுதான் வேலை என்றான். கணினியின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும்; தவறினால் ஏடு முழுவதும் தவறு. கோப்பை யார் திறக்கலாம் என்பதையும் வரையறுக்க வேண்டும். யார் யாரோடு பேசினார் என்பது ஊர்ப்பேச்சுக்கு அல்ல. தினமும் ஒரு நகல் வேறிடத்தில் இருக்க வேண்டும். நம் பழைய ரிஜிஸ்டருக்கும் இதே விதிகள்தான்.

அந்தக் காவலர் இன்று இல்லை. அன்று இந்த மென்பொருள் இல்லாதது யார் குற்றமும் அல்ல. ஆனால் ஐந்து கட்டம் போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் போதுமாக இருந்தது. அதை மூடியவர்களில் நானும் ஒருவன்.